பிள்ளைகள் காரில் ஏன் பேசுகிறார்கள்?

வீட்டில் எத்தனை முறை கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்று முடித்துக்கொள்ளும் பிள்ளை, காரில் ஏறி இரண்டு சிக்னல் தாண்டியதும் தானாகவே பேச ஆரம்பிப்பதைப் பெற்றோர் பலர் கவனித்திருப்பார்கள். வகுப்பில் நடந்த சண்டை, டீச்சர் சொன்ன சுருக்கென்ற வார்த்தை, தோழியோடு வந்த மனஸ்தாபம், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் பயம் என்று சாப்பிடும்போது வராதவையெல்லாம் அங்கே பேச்சுவாக்கில் வெளியே வருகின்றன. இது சில வீடுகளுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. காரில் உட்காரும் விதமும் பார்வை போகும் திசையுமே இதற்கு முதல் காரணம்.

தமிழ்க் குடும்பங்களில் ‘இங்க வா, உட்காரு’ என்று அப்பா கூப்பிட்டாலே, தான் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டதாகத்தான் பிள்ளைக்குத் தோன்றும். எதிரும் புதிருமாக உட்கார்ந்ததும் அது விசாரணையாகிவிடுகிறது. பெரியவர்களை முறைத்துப் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். குனிந்தால் ‘என் முகத்தைப் பார்த்துப் பேசு’ என்று அதட்டல் வரும். காரில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. ஓட்டுகிறவர் சாலையைப் பார்த்தாக வேண்டும். பிள்ளையும் சாலையையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். இருவர் கண்ணும் ஒரே திசையில் இருப்பதால் யாரும் யாரையும் தவிர்ப்பதாகத் தெரியாது.

பார்வையை விலக்குவதற்கும் யோசிப்பதற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபியோனா டோஹர்ட்டி-ஸ்னெடன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடினமான கேள்விக்குப் பதில் யோசிக்கும்போது எட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறார்கள். ஐந்து வயதில் இந்தப் பழக்கம் இன்னும் உறுதிப்படுவதில்லை. முகம் என்பது ஏராளமான தகவல் நிறைந்த இடம். அதைப் படித்துக்கொண்டே சொல்லையும் தேடுவது மூளைக்கு இரட்டை வேலை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கஜிமுரா, நொமுரா இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே இருக்கிறது. தன்னை நேராகப் பார்க்கும் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே சொல் தேடியவர்கள், தேடல் கடினமானபோது தடுமாறினார்கள். ஆகவே, மனதில் உள்ளதைச் சொல்ல வார்த்தை தேடும் பிள்ளையிடம் முகத்தைப் பார்க்கச் சொல்வது அதன் வேலையைக் கூட்டுவதாகவே முடியும்.

இந்தப் பாடம் புதிதும் இல்லை. ஐரோப்பாவின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கும் சொல்பவருக்கும் இடையே 16ஆம் நூற்றாண்டிலேயே தட்டி வைத்தார்கள். சிக்மண்ட் ஃபிராய்டு தன்னிடம் வந்தவர்களைச் சாய்மெத்தையில் படுக்கவைத்துத் தான் அவர்கள் தலைக்குப் பின்னால் உட்கார்ந்தார். தமிழ் வீடுகளில் காலையில் பெண்ணின் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னல் போடும் அந்தப் பத்து நிமிடத்திலும் அம்மா பின்னாலும் மகள் முன்னாலும்தான் இருப்பார்கள். எத்தனையோ மகள்கள் தங்கள் மனக்குறையை அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள். மகன்களுக்கு அப்படி ஓர் இடம் வாய்ப்பது குறைவு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் டெபோரா டானன், நெருங்கிய நண்பர்கள் இருவர் இருவராகப் பேசிய வீடியோப் பதிவுகளைப் பல வயதினரிடம் ஒப்பிட்டார். சிறுமிகளும் பெண்களும் முகத்தோடு முகம் பார்த்துப் பேச, சிறுவர்களும் ஆண்களும் ஒரு கோணத்தில் உட்கார்ந்து அறையின் வேறு மூலைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். மீசை முளைக்கும் வயதில் அப்பாவிடம் பேசுவதையே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அம்மாவைத் தூது அனுப்பும் பையனுக்கு முன்சீட் ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்லலாம்.

இன்னொரு காரணம் நேரம். வீட்டில் அடுப்பில் குக்கர் இருக்கும், வாசலில் ஆள் நிற்பார், பாதிப் பேச்சில் போன் வரும். காரில் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்த நேரத்துக்கு ஒரு முடிவும் உண்டு. இன்னும் கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்பது பிள்ளைக்குத் தெரியும் என்பதால், சொல்லிவிட்டு நழுவ வழி இருக்கிறது. பயணம் முழுக்க வேறு எதையோ பேசிவிட்டு, வீட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது முக்கியமான விஷயத்தைப் போட்டு உடைப்பது பிள்ளைகளின் வழக்கம். அப்போது அவசரமாக வண்டியை நிறுத்தி இறங்காமல், பால் வாங்க வேண்டும் என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி இன்னும் ஒரு சுற்று போய்வருவது நல்லது. அந்தக் கூடுதல் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தவை எந்த வழியில் தெரிகின்றன என்ற கேள்விக்குச் சுவீடனின் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. அதுவரை, கண்காணிக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றி நிறையத் தெரியும், அதனால் அந்தப் பிள்ளைகள் தவறான வழிக்குப் போவதில்லை என்று நம்பப்பட்டுவந்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் எழுநூறு பேரையும் அவர்களின் பெற்றோரையும் விசாரித்தபோது வேறு படம் கிடைத்தது. பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, துருவிக் கேட்டோ கட்டுப்பாடு விதித்தோ கிடைத்தது இல்லை. பிள்ளைகளே மனம்விட்டுச் சொன்னதால் கிடைத்தது. வளரிளம் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பையைச் சோதிப்பது, போனைத் திறந்து பார்ப்பது, தோழியின் அம்மாவிடம் விசாரிப்பது ஆகியவற்றால் தெரிந்துகொள்வது கொஞ்சம்தான். பிள்ளையாகச் சொன்னால்தான் உண்டு. பிள்ளை சொல்ல நினைக்கும் சூழலை அமைத்துத் தருவதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய காரியம். கார் அப்படிப்பட்ட சூழல்களில் ஒன்று.

வயதுக்கேற்பப் பேச்சின் தன்மை மாறும். மூன்று முதல் ஐந்து வயது வரை ஜன்னலே பாடப்புத்தகம். ‘அந்த மாடு ஏன் ரோட்ல படுத்திருக்கு?’, ‘கிரேனுக்குக் கை வலிக்காதா?’ என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். இவற்றுக்குப் பதில் சொல்வதைவிட, திருப்பி ஒரு கேள்வி கேட்டுப் பிள்ளையையும் பேசவைப்பது பயன் தரும். 2018இல் ரேச்சல் ரோமியோவும் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அவரது சகாக்களும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்கள் கதை கேட்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்பதோடு ஒப்பிட்டார்கள். பிள்ளையின் காதில் எத்தனை சொற்கள் விழுந்தன என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதே மொழிக்கான மூளைப்பகுதியின் சுறுசுறுப்போடு அதிகம் பொருந்தியது. அம்மா மட்டும் நீளமாக விளக்கிக்கொண்டே போவதில் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

ஆறேழு வயதுக்குப் பிறகு அன்றாட நிகழ்ச்சிகள் பேச்சுக்குள் வரும். யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய பென்சில் பாக்ஸ் காணாமல் போனது, வேனில் யார் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள் போன்ற சமாச்சாரங்கள் பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். அற்பமானதைக் காதுகொடுத்துக் கேட்ட பெற்றோரிடம்தான் பெரியதும் வந்து சேரும். பதினொன்று, பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் பிள்ளைகள் தங்களைப் பற்றி நேரடியாகச் சொல்வது குறைந்து, மற்றவர்களின் கதையாகச் சொல்வது கூடும். ‘எங்க கிளாஸ்ல ஒருத்தன்’, ‘என் ஃப்ரெண்டோட அக்கா’ என்று தொடங்கும் கதைகள் பெரும்பாலும் பெற்றோருக்கு வைக்கப்படும் பரீட்சை. அந்தப் பரீட்சை எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு பேச்சை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ட்யூஷன் முடிந்து எட்டாம் வகுப்பு மகளை அம்மா அழைத்துவருகிறார். வண்டி சைதாப்பேட்டை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

“அம்மா, எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு பிட் அடிச்சு மாட்டிக்கிட்டா.”

“அய்யய்யோ. அப்புறம்?”

“எச்.எம். ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அழுதுக்கிட்டே போனா.”

இந்த இடத்தில் ‘அந்த மாதிரி பொண்ணுங்களோட சேராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்’ என்று அம்மா சொன்னால், பேச்சு அடையாறு ஆற்றுப் பாலத்துக்கு முன்பே முடிந்துவிடும். ‘பாவம், ரொம்ப பயந்திருப்பா இல்ல?’ என்று சொல்லிவிட்டு அவர் கியரை மாற்றிக்கொண்டு சும்மா இருந்தால், பாலத்தின் மறுபக்கத்தில் அடுத்த வாக்கியம் வரும்.

“அவளுக்குப் பேப்பரைக் காட்டினது நான்தாம்மா.”

எச்.எம். அறைக்குப் போன பெண்ணை அம்மா எப்படி நடத்துகிறார் என்று பார்த்த பிறகே மகள் தன் பங்கைச் சொல்லத் துணிகிறாள். ஹயிம் கினாட் 1965இல் எழுதிய நூலிலும், தாமஸ் கோர்டன் 1970இல் பெற்றோர் பயிற்சி பற்றி எழுதிய நூலிலும் வலியுறுத்திய முறை இதுதான். பிள்ளை சொன்னதில் உள்ள உணர்ச்சியை முதலில் அடையாளம் கண்டு, அதை ஒரு வரியில் திருப்பிச் சொல்வது. தீர்ப்பையும் தீர்வையும் பிறகு பார்த்துக்கொள்வது. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்கு உரிய நேரம் வேறு என்பதே அவர்கள் கருத்து.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ என்றால் ‘நல்லா இருந்துச்சு’ என்றுதான் பதில் வரும். கேட்டதற்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ‘மத்தியானம் யாரோட உட்கார்ந்து சாப்பிட்ட?’ என்றோ, ‘பி.டி. பீரியடை இன்னைக்காவது விட்டாங்களா, இல்ல மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்களா?’ என்றோ கேட்டால், ஒரு காட்சி நினைவுக்கு வந்து கதை தொடரும். இதற்கும் நேரம் காலம் உண்டு. பள்ளி விட்டதும் ஏறிய பிள்ளை பசியும் சோர்வுமாக இருக்கும். நாள் முழுக்க அடக்கிவைத்த எரிச்சலை வீட்டார் முகத்தைப் பார்த்ததும் கொட்டும். முதல் பத்து நிமிடத்தை ஒரு வாழைப்பழத்துக்கோ பிஸ்கட்டுக்கோ கொடுத்துவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு, பேசாமல் வண்டியை ஓட்டுவது உத்தமம்.

பேசாமல் இருப்பதே பல பெற்றோருக்குக் கடினமாக இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். வரவேற்பறையில் மூன்று நொடி மௌனம் சங்கடமாக இருக்கும். காரில் அதை என்ஜின் சத்தமும் ஹார்னும் நிரப்பிவிடுவதால், ஒரு சிக்னல் முழுக்கவே காத்திருக்கலாம்.

காரில் செய்யக் கூடாத பேச்சுகளும் உண்டு. வண்டி ஓடும்போது பிள்ளையால் எழுந்து போக முடியாது. இந்த நிலையைப் பயன்படுத்திக்கொண்டு ரேங்க் கார்டைப் பற்றியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றியோ வாட்டி எடுப்பது, அடுத்த முறை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏறும்படி பிள்ளையைப் பழக்குவதில்தான் போய் முடியும். பிளஸ் டூ பரீட்சை நடக்கும் நாட்களில் தேர்வு மையங்களின் வாசலில் இதைப் பார்க்கலாம். பிள்ளை பெல்ட்டைப் போடுவதற்குள் அப்பா வினாத்தாளைக் கையில் வாங்கிவிடுவார். ‘ஒன் வேர்ட்ல எத்தனை போச்சு? அஞ்சு மார்க் கேள்வி எல்லாத்தையும் எழுதினியா?’ என்று வீடு வரை கணக்குப் போடுவார். அடுத்த பரீட்சை உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பாதகம் வேறில்லை.

விளையாட்டு உலகில் இதைத் தனியாகவே கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புரூஸ் பிரவுன், ராப் மில்லர் என்ற இரு பயிற்சியாளர்கள் பல்லாண்டுகளாகக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம், சிறுவயதில் விளையாடிய காலத்தின் மிக மோசமான நினைவு எது என்று கேட்டுவந்தார்கள். திரும்பத் திரும்பக் கிடைத்த பதில், ஆட்டம் முடிந்து பெற்றோரோடு காரில் வீடு திரும்பிய நேரம் என்பது. தோற்ற ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசும் அப்பா பக்கத்தில் இருந்தார். அந்த வீரர்கள் கேட்க விரும்பிய வாக்கியம் மிக எளியது: நீ விளையாடுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரீட்சை எழுதிவந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். தப்பைத் திருத்த வேண்டுமானால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு திருத்தலாம்.

முன்சீட்டில் கணவனும் மனைவியும் போடும் சண்டையும் காரில் கூடாத பேச்சுகளில் சேரும். மாமியார் வீட்டுப் பேச்சு, கடன், நகை, வேலை போகும் பயம் எல்லாம் பின்சீட்டில் ஒரு சொல் விடாமல் கேட்கும். தூங்குவதுபோல் கண்ணை மூடியிருக்கும் பிள்ளை பெரும்பாலும் தூங்குவதில்லை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து தெற்கே போகும் நீண்ட பயணங்கள் வேறொரு வகைப் பேச்சுக்கு இடம் தருகின்றன. திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். பரனூர் சுங்கச்சாவடி நெரிசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும் என்று சலித்துக்கொள்பவர்கள், அந்த ஒரு மணி நேரம் வருடத்தில் வேறெப்போதும் கிடைக்காது என்பதையும் நினைக்கலாம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அடுத்து மதுராந்தகம் ஏரி, திருச்சியில் காவிரிப் பாலத்திலிருந்து தெரியும் மலைக்கோட்டை, கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட கயத்தாறு என்று சாலை தானே பேச்சை எடுத்துக்கொடுக்கும். சொந்த ஊர் நெருங்க நெருங்க அது குடும்பக் கதையாக மாறும். ‘இந்த ஸ்கூலுக்குத்தான் தாத்தா ஆறு மைல் நடந்து வந்தாரு’, ‘இந்தக் கடை முன்னாடி நம்ம பெரியப்பாவோடது’ என்று தொடங்கினால், பின்சீட்டிலிருந்து கேள்விகள் வரும்.

இந்தக் கதைகளுக்கு உள்ள மதிப்பை அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த கஷ்டம் என்ன என்பதுபோல் இருபது கேள்விகளைத் தயாரித்து, 2001இல் ஏறத்தாழ நான்கு டஜன் குடும்பங்களின் பிள்ளைகளிடம் கேட்டார்கள். விடைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. அதற்காக இருபது விடைகளையும் மனப்பாடம் செய்யவைத்துப் பயனில்லை என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அந்த விவரங்கள் பிள்ளைக்குத் தெரிகிற அளவுக்கு வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது என்பதே விஷயம். ஓஹோவென்று வாழ்ந்ததை மட்டும் சொல்லும் குடும்பக் கதையைவிட, ஏறியதையும் இறங்கியதையும் சேர்த்துச் சொல்லும் கதையே பிள்ளைகளுக்குத் திடம் தருகிறது என்பதும் டியூக்கின் கருத்து. அப்பா பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் போனது, சித்தப்பா கடையில் நஷ்டப்பட்டது, அத்தை முதல் வேலையை விட்டுவிட்டு வந்தது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லலாம். அவற்றிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் போட்டியாக இருப்பது போன். நீண்ட பயணத்தில் பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்க அதைக் கையில் கொடுப்பது எளிது. ஆனால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கே பயணத்தில் குமட்டலும் வாந்தியும் அதிகம் வரும். கண் அசையாத திரையைப் பார்க்க, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர, இரண்டும் முரண்படுவதே இதற்குக் காரணம். தொலைவில் சாலையைப் பார்த்துப் பேசிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அந்த அவஸ்தை குறைவு. பதின்ம வயதுப் பிள்ளையிடம் ஹெட்போனைப் பிடுங்குவதைவிட, கார் ஸ்பீக்கரில் அதன் பாட்டைப் போடச் சொல்வது மேல். ஒரு பாட்டு அனிருத், ஒரு பாட்டு இளையராஜா என்று முறை வைத்துக்கொண்டால், அந்தப் பாட்டு ஏன் பிடிக்கும் என்ற கேள்வியிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

பேச்சு எவ்வளவு முக்கியமானாலும் சாலை அதைவிட முக்கியம். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையம் 2013இல் குடும்பங்களின் கார்களில் கேமரா வைத்துப் பார்த்ததில், சராசரியாக 16 நிமிடப் பயணத்தில் 3 நிமிடம் 22 நொடி ஓட்டுநரான பெற்றோரின் கண் சாலையில் இல்லை. பின்னால் திரும்பிப் பார்ப்பதும், கண்ணாடியில் பிள்ளையைக் கவனிப்பதுமே இதில் பெரும்பங்கு. பேச்சு மட்டும் அவ்வளவு ஆபத்தில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2008இல் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் நடத்திய சோதனையில், செல்போனில் பேசியபடி ஓட்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் திரும்ப வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டார்கள்; பக்கத்தில் இருப்பவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்ப்பதால், நெரிசல் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறார். சிறுபிள்ளைக்கு அந்த நிதானம் இருக்காது. ‘லாரி வருதுடா செல்லம், இதைத் தாண்டிட்டுச் சொல்லு’ என்று பெரியவர்தான் சொல்ல வேண்டும். சொன்னபடியே, தாண்டியதும் நினைவாகக் கேட்கவும் வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது.

கைக்குழந்தையையும் சிறுபிள்ளையையும் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. மோதலில் ஏர்பேக் விரியும் வேகமே அந்தக் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் கார் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். சிறுபிள்ளை பின்சீட்டில் இருந்தும் பேச்சு நன்றாகவே நடக்கும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் பின்னால் போய் உட்காரலாம். கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து வரும்போது மூத்தது மனம்விட்டுப் பேசாது என்பதால், ஒவ்வொரு பிள்ளையோடும் எப்போதாவது தனியாக ஒரு சவாரி இருப்பது நல்லது. மளிகைக் கடை வரை போய்வந்தாலும் போதும்.

கார் இல்லாத வீடுகள்தான் இங்கே மிக அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் கார் உள்ளவை நூற்றுக்குச் சுமார் எட்டு. இருசக்கர வாகனம் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களில் இருக்கிறது. ஸ்கூட்டரில் அம்மா முதுகில் சாய்ந்து வரும் பிள்ளையும் முகம் பார்க்காமல்தான் பேசுகிறது. ஆனால் காற்றும் ஹெல்மெட்டும் பாதிப் பேச்சை விழுங்கிவிடும். பதிலுக்குத் திரும்பிப் பார்ப்பது ஆபத்து. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும் உடலோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் பேச்சைத் தொடங்கிவிட்டு, பள்ளிக்கு ஒரு தெரு முன்னால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்ல ஏற்பாடு. டவுன் பஸ்ஸில் இரட்டை சீட்டும், ரயிலில் ஜன்னலோரமும், கோயிலுக்கு நடந்துபோகும் வழியும் இதே வேலையைச் செய்யும்.

இப்படிப் பேச்சு வளர்ந்த வீட்டில், ஒருநாள் பெற்றோர் சற்றும் எதிர்பாராத ஒன்றும் வரலாம். வேன் அங்கிளோ, ட்யூஷன் சாரோ, உறவுக்காரர் ஒருவரோ தொட்ட விதம் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி சொல்லலாம். அப்போது ஓட்டுகிறவரின் கை நடுங்கும். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். ‘முன்னாடியே ஏன் சொல்லல?’, ‘நீ ஏன் அங்க போன?’ என்ற இரண்டு கேள்விகளும் வாயில் வரக் கூடாது. சொன்னது நல்லது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற மூன்றையும் சொன்னால் போதும். விவரங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்பது விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று பயந்து மூடிமறைக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தச் சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வந்துதான் பதிவுசெய்ய வேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். வருகிறவர் சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளை நம்பும் பெற்றோர் கூடவே இருக்கலாம்.